செரிஷெவ் ஆடிய 46 நிமிடங்கள்: ஓர் ஆட்டத் தடையும் ஒரு கோப்பை வெளியேற்றமும்

2015 டிசம்பர் 2, புதன்கிழமை இரவு. ஸ்பெயினின் தெற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் காடிஸ். அங்கே ரமோன் தே கர்ரான்சா மைதானத்தில், ஸ்பெயினின் நாக் அவுட் கோப்பையான கோபா டெல் ரே போட்டியின் கடைசி 32 அணிகள் சுற்று, முதல் லெக்; அதாவது இரு அணிகளும் மோதும் இரண்டு ஆட்டங்களில் முதலாவது. உள்ளூர் அணி காடிஸ் அப்போது மூன்றாம் நிலைப் பிரிவான செகுண்டா பி-யில் இருந்தது. எதிரே ரியல் மாட்ரிட். பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸ் முன்னணி ஆட்டக்காரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வாய்ப்புக்குக் காத்திருந்தவர்களை இறக்கினார். அவர்களில் ஒருவர் இடது விங்கில் ஆடும் ரஷ்ய நடுகள வீரர் டெனிஸ் செரிஷெவ். வயது 24.

3ஆம் நிமிடத்திலேயே செரிஷெவ் கோல் அடித்துவிட்டார். மாட்ரிட் 1, காடிஸ் 0. சற்று நேரத்தில் அரங்கில் இருந்தவர்களின் கைப்பேசிகளில் ஒரு செய்தி பரவியது: செரிஷெவ் மீது ஓர் ஆட்டத் தடை நிலுவையில் இருக்கிறது, இந்த ஆட்டத்தில் அவர் கால் வைத்திருக்கவே கூடாது. காடிஸ் ரசிகர்கள் ‘பெனிடெஸ், ட்விட்டரைப் பார்’ என்று பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். மாட்ரிட் பெஞ்சுக்கு விவரம் எட்டி, 46ஆம் நிமிடத்தில் செரிஷெவை வெளியே எடுத்து மடேயோ கோவாசிச்சை இறக்கினார்கள். பிறகு 65, 74 ஆகிய நிமிடங்களில் இஸ்கோ இரண்டு கோல் போட்டார். 88ஆம் நிமிடத்தில் கிகே மார்கெஸ் காடிஸுக்கு ஒன்று. ஆட்டம் 3–1 என்று முடிந்தது. இரண்டே நாளில், டிசம்பர் 4 வெள்ளிக்கிழமை, மாட்ரிட் அந்தக் கோப்பையில் இருந்தே வெளியேற்றப்பட்டது.

பலரும் இதை ஒரு கேலிக்கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோனார்கள். நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால், இரவலில் (ஒரு கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்தபடியே இன்னொன்றுக்குத் தற்காலிகமாக ஆடுவது) கிளப் கிளப்பாகப் போகும் ஓர் ஆட்டக்காரரின் தொழில்வாழ்க்கை எந்தக் கண்ணிகளில் அறுந்துபோகும் என்பது இதைப்போல் வேறெதிலும் தெளிவாகத் தெரியாது. செரிஷெவை நேர்மையாக எடைபோட வேண்டுமென்றால் இந்த இரவில்தான் தொடங்க வேண்டும்.

தடை எங்கிருந்து வந்தது

2014–15 சீசனில் செரிஷெவ் ரியல் மாட்ரிட்டின் ஆட்டக்காரர்தான். ஆனால் இரவலில் வில்லாரியலுக்கு ஆடினார். வில்லாரியல் அந்த ஆண்டு கோபா டெல் ரே அரையிறுதி வரை வந்து, பார்சிலோனாவிடம் தோற்றது. அந்தப் போட்டித் தொடரில் செரிஷெவ் வாங்கிய மஞ்சள் அட்டைகள் மூன்று. மூன்றாவது, பார்சிலோனாவுடனான அரையிறுதியில்.

இங்கே விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் லீகுக்கு ஒரு கணக்கு, கோப்பைக்கு இன்னொரு கணக்கு. லீகில் ஐந்து மஞ்சள் அட்டை சேர்ந்தால் ஓர் ஆட்டம் தடை. கோப்பையில் மூன்று சேர்ந்தாலே ஓர் ஆட்டம் தடை. ஒன்றின் தடையை மற்றொன்றில் கழிக்க முடியாது. சீசன் முடிந்ததும் அரைகுறையாகச் சேர்ந்திருக்கும் அட்டைகள் அழிந்துபோகும்: ஒருவரிடம் இரண்டு மஞ்சள் இருந்தால் அடுத்த ஆண்டு பூஜ்யத்தில் இருந்து தொடங்குவார். ஆனால் மூன்றும் நிறைந்து தடையாக மாறிவிட்டால் அது அழியாது. கழிக்கும் வரை அப்படியே நிற்கும்.

குழப்பம் பிறக்கும் இடம் இதுதான். ‘போன வருட அட்டை போன வருடத்தோடு போச்சு’ என்பது பாதி உண்மை. நிறைவுபெறாத அட்டைக்குத்தான் அது பொருந்தும், நிறைவுபெற்ற தடைக்குப் பொருந்தாது. பெயர்ப் பட்டியல் போடுகிற அலுவலகத்தில் இந்த வேறுபாடு ஒருவர் மனதில் மங்கியிருந்தாலும் போதும்.

அடுத்தது, தடை ஆட்டக்காரரைத் தொடர்ந்து போகும். வில்லாரியல் அரையிறுதியில் வெளியேறியதால் அந்த சீசனில் தடையைக் கழிக்க அதற்கு வேறு கோப்பை ஆட்டம் இல்லை. கோடையில் இரவல் முடிந்து செரிஷெவ் மாட்ரிட் திரும்பினார். மாட்ரிட் போன்ற பெரிய அணிகள் அப்போது கோபாவில் நேராகக் கடைசி 32 சுற்றில்தான் நுழைந்தன. ஆகவே அவருக்கான அடுத்த கோப்பை ஆட்டம் டிசம்பர் 2, காடிஸ். மார்ச் மாதத்தில் இருந்து ஒன்பது மாதம் அந்தத் தடை யாரும் தொடாமல் கிடந்தது. நடுவில் லீகிலும் சாம்பியன்ஸ் லீகிலும் அவர் பெயர் பட்டியலில் வந்தபோதெல்லாம் எந்த இடைஞ்சலும் எழவில்லை. எழவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் அந்தப் போட்டிகளுக்கும் இந்தத் தடைக்கும் தொடர்பே கிடையாது.

அந்த சீசனில் இது முதல் தடவையும் அல்ல. அதற்கு முன்பே ஒசாசுனா அணி இதே கோப்பையில், இதே மாதிரி முந்தைய தடையோடு இருந்த ஓர் ஆட்டக்காரரை மிராந்தேஸுக்கு எதிராக இறக்கி வெளியேற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி வந்த அன்றே மற்ற எல்லா கிளப்புகளும் தங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எந்தெந்தக் கையில் நழுவியது

களத்தில் நடுவர் இதைத் தடுத்திருக்கலாமே என்று ரசிகர்கள் கேட்பார்கள். நடுவரின் வேலை அது இல்லை. ஆட்டத்துக்கு முன் கிளப் கொடுக்கும் பட்டியலில் உள்ளவர்களின் அடையாளத்தை அவர் சரிபார்ப்பார். தடைக் கணக்கைப் பார்க்க மாட்டார். தகுதியான ஆளைத்தான் இறக்குகிறோம் என்ற பொறுப்பு முழுக்க முழுக்க கிளப்பினுடையது. அங்கே அணிப் பிரதிநிதி என்று ஒருவர் உண்டு. பட்டியல், பதிவு அட்டைகள், மாற்றுச் சீட்டு எல்லாம் அவர் கையில்தான் இருக்கும்.

ஆக, இந்தத் தகவல் மூன்று கைகளில் இருந்தது. முதலாவது, ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு. அது தடையை விதித்தபோது, செரிஷெவ் பதிவாகியிருந்த வில்லாரியலுக்கு அறிவித்தது. தன் இணையதளத்திலும் வெளியிட்டது. இரண்டாவது, வில்லாரியல். மூன்றாவது, ஆட்டக்காரரே. மாட்ரிட்டுக்கு நேரடியாக யாரும் கடிதம் போடவில்லை. அந்த நேரத்தில் செரிஷெவ் வில்லாரியல் ஆள் என்பதால் போடவேண்டிய தேவையும் எழவில்லை. இரவல் முடிந்து ஆட்டக்காரர் திரும்பி வரும்போது அவருடைய மருத்துவக் கோப்பு வரும், சம்பளக் கணக்கு வரும். அட்டை, தடை பற்றிய ஒழுங்கு ஆவணத்தை யார் கேட்டு வாங்குவது என்பதற்கு மட்டும் வழக்கமான நடைமுறை இல்லை.

எங்கள் கணிப்பில், பிழையின் பெரும்பங்கு மாட்ரிட் அலுவலகத்துடையது. மூன்று நிமிட வேலை அது. கோப்பையின் முதல் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இவர் போன சீசனில் இந்தக் கோப்பையில் எந்த அணிக்கு ஆடினார்? அந்த அணியின் கடைசிக் கோப்பை ஆட்டத்துக்குப் பின் வெளியான தடைப் பட்டியலில் இவர் பெயர் உண்டா? புதிதாக வாங்கியவர்கள், இரவலில் இருந்து திரும்பியவர்கள், கீழ் அணியில் இருந்து ஏற்றப்பட்டவர்கள் என்று ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் பட்டியல். சந்தேகம் இருந்தால் கூட்டமைப்பிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். செரிஷெவை அன்று வெளியே உட்கார வைத்திருந்தால் தடை அன்றே கழிந்து, டிசம்பர் 16ஆம் தேதி மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேவில் நடக்க இருந்த இரண்டாம் லெக்கில் அவர் தாராளமாக ஆடியிருப்பார்.

தீர்ப்பு

டிசம்பர் 3 அன்று மாட்ரிட் தலைவர் ஃபுளோரன்டினோ பெரெஸ் நிருபர்களைச் சந்தித்தார். அவருடைய வாதம் ஒன்றே ஒன்று: தடை பற்றி ஆட்டக்காரருக்குத் தனிப்பட்ட முறையில் அறிவிப்பு வரவில்லை, கிளப்புக்கும் வரவில்லை, ஒழுங்கு விதித்தொகுப்பின் 41ஆவது பிரிவு தனிப்பட்ட அறிவிப்பைக் கோருகிறது, ஆகவே இந்தத் தடைக்கு வலு இல்லை.

சட்டப்படி இது வெறும் சாக்கு அல்ல. தண்டனை செல்லுபடியாக வேண்டுமென்றால் தண்டனைக்குரியவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும் என்பது எல்லா ஒழுங்கு நடைமுறைக்கும் அடிப்படை. ஆனால் போட்டி நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆட்டக்காரர் அப்போது பதிவாகியிருந்த கிளப்புக்குப் போன அறிவிப்பும் பொதுவெளியீடும் போதும் என்றார். கால்பந்தில் வாரா வாரம் நூற்றுக்கணக்கான அட்டைகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. ஒவ்வொருவர் கையிலும் கடிதம் சேர்ந்த பிறகுதான் தடை அமலாகும் என்றால் எந்தப் போட்டியும் நடக்காது. இந்த இடத்தில் நீதிபதியின் பக்கம்தான் நியாயம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

46ஆம் நிமிடத்தில் வெளியே எடுத்தது காப்பாற்றவில்லை. விதித்தொகுப்பின் 76ஆவது பிரிவு தகுதியற்றவரைக் களமிறக்குவதைப் பற்றியது. எத்தனை நிமிடம் ஆடினார், கோல் அடித்தாரா, அந்தக் கோல் முடிவை மாற்றியதா என்பதெல்லாம் அதில் கணக்கில் வராது. பட்டியலில் பெயர் இருந்து களத்தில் இறங்கினாலே மீறல் முடிந்துவிட்டது. லீக் ஆட்டமாக இருந்தால் அந்த ஓர் ஆட்டம் மட்டும் கைவிட்டுப் போகும். நாக் அவுட் என்பதால் இரண்டு லெக்கும் சேர்த்து மொத்தமும் எதிரணிக்குப் போகும். மாட்ரிட்டுக்கு விதித்த அபராதம் 6,001 யூரோ. அந்தக் கிளப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேல்முறையீட்டுக் குழுவும் அதன்பின் விளையாட்டு நிர்வாகத் தீர்ப்பாயமும் மாட்ரிட்டின் மனுவைத் தள்ளின. காடிஸ் அடுத்த சுற்றில் செல்டா வீகோவைச் சந்தித்தது.

ஜனவரி 4 அன்று பெனிடெஸ் நீக்கப்பட்டு ஜினெதின் ஜிதான் வந்தார். காடிஸ் விவகாரம் அதற்கான ஒரே காரணம் அல்ல. நவம்பரில் சொந்த மைதானத்தில் பார்சிலோனாவிடம் 0–4 என்று வாங்கிய அடிதான் பெரிய புண். செரிஷெவ் பிப்ரவரி 1 அன்று வலென்சியாவுக்கு இரவலில் போனார். மாட்ரிட்டுக்கு அவர் பிறகு ஆடவே இல்லை.

அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார்

செரிஷெவ் 1990 டிசம்பர் 26 அன்று நீழ்னி நோவ்கரதில் பிறந்தவர். அப்பா திமித்ரி செரிஷெவ் ஒரு முன்கள வீரர். 1996இல் அவர் ஸ்பெயினின் ஸ்போர்டிங் கிகோனுக்கு ஆட வந்ததும் குடும்பம் அங்கே குடியேறியது. மகன் ஸ்பானிய மொழியில், ஸ்பானியக் கால்பந்தில் வளர்ந்தார். 2002இல் ரியல் மாட்ரிட் இளையோர் அகாடமியில் சேர்ந்தபோது வயது 11. 2011–12இல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டில்யா செகுண்டா பிரிவுக்கு ஏறியபோது இடது விங்கில் அவர் இருந்தார். 2012 நவம்பர் 27 அன்று கோபா டெல் ரேயில் அல்கோயானோவுக்கு எதிராக முதன்மை அணிக்கு அறிமுகமானார். ரியல் மாட்ரிட்டின் முதன்மை அணிக்கு ஆடிய முதல் ரஷ்யர் அவர்தான்.

இடது காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு அடியில் வேகம் அதிகம். கடைசிப் பாஸ் நன்றாக வரும். குறை, தொடைத் தசைகள். 2013–14இல் செவில்லாவுக்கு இரவலில் போனார். காயத்தால் விரல் விட்டு எண்ணும் ஆட்டங்களோடு சீசன் போய்விட்டது. அந்த ஆண்டுதான் செவில்லா யூரோப்பா லீக் வென்றது. அடுத்த சீசன் வில்லாரியலில் உடம்பு ஒத்துழைத்தது. 40 ஆட்டம், 7 கோல். மாட்ரிட் திருப்பி அழைத்துக்கொண்டதே அதனால்தான். ஒரு முழு சீசன் சேதமில்லாமல் ஆடினால் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கக் கிடைத்தது அநேகமாக அந்த ஒரு வருடம் மட்டுமே.

வெடிப்பான ஓட்டத்தை நம்பி ஆடும் விங் ஆட்டக்காரருக்குப் பின்தொடைத் தசை ஒருமுறை கிழிந்தால் அது திரும்பத் திரும்ப வரும். ஆறிய இடத்தில் தழும்புத் திசு உருவாகி, அதைச் சுற்றியுள்ள நார்கள் கூடுதல் இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும். போதாததற்கு ஒவ்வொரு இரவலிலும் புதிய உடற்பயிற்சியாளர், புதிய சுமைக் கணக்கு, தன்னை நிரூபிக்க வேண்டிய புதிய அவசரம். 2016 கோடையில் வில்லாரியல் அவரை நிரந்தரமாக வாங்கியது. அங்கும் காயம் விடவில்லை.

2018: இருக்கையில் இருந்து எழுந்தவர்

2018 உலகக் கோப்பையை நடத்திய ரஷ்ய அணியில் செரிஷெவ் முதல் பதினொன்றில் இல்லை. தேசிய அணிக்கு அதுவரை ஒரு கோலும் அடித்ததில்லை. ஜூன் 14, மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கில் சவுதி அரேபியாவுடன் தொடக்க ஆட்டம். 24ஆம் நிமிடத்தில் அலன் ட்சகோயெவ் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேற, பயிற்சியாளர் ஸ்தானிஸ்லாவ் செர்செசோவ் செரிஷெவை இறக்கினார். காயத்தாலேயே அதிகம் இழந்தவருக்கு, இன்னொருவரின் காயம் கதவைத் திறந்தது.

43ஆம் நிமிடம். கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் இடது பக்கம் பந்து வந்தது. இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் சறுக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். மற்ற யாராக இருந்தாலும் அந்தக் கணத்தில் அடித்து, பந்து அவர்கள் காலில் பட்டுத் திரும்பியிருக்கும். செரிஷெவ் அடிக்கவில்லை, பந்தை ஒரே தட்டில் நகர்த்தினார். இருவரும் புல்லில் சறுக்கிக் கடந்துபோன பிறகு இடது காலால் வலையின் மேற்பக்கம் ஏற்றினார். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில் அடித்த இரண்டாவது கோல் வேறு வகை. ரஷ்ய முன்கள வீரர் ஜூபா தலையால் இறக்கிக்கொடுத்த பந்தை இடது பாதத்தின் வெளிப்புறத்தால் வெட்டினார். பந்து வளைந்து தூரத்து மூலைக்குப் போனது. கோல்கீப்பர்கள் அடிப்பவரின் இடுப்பையும் பாதத்தின் கோணத்தையும் பார்த்துத்தான் திசையை ஊகிப்பார்கள். வெளிப்புறத்தால் அடிக்கும்போது அந்த இரண்டும் வேறு திசையைக் காட்டும். ரஷ்யா 5–0.

ஜூன் 19 அன்று எகிப்துக்கு எதிராக 59ஆம் நிமிடத்தில் மூன்றாவது கோல். மாரியோ ஃபெர்னாண்டஸ் எல்லைக்கோட்டில் இருந்து பின்னுக்குத் தள்ளிக்கொடுத்ததை நிதானமாக உள்ளே வைத்தார். இரண்டு ஆட்டத்திலும் ஆட்ட நாயகன் அவரே.

ஜூன் 25, உருகுவே. லக்சால்ட் அடித்த பந்து செரிஷெவ் மீது பட்டுத் திரும்பி 23ஆம் நிமிடத்தில் சொந்தக் கோலானது. 36ஆம் நிமிடத்தில் ரஷ்யாவின் ஸ்மோல்னிகோவ் சிவப்பு அட்டை வாங்க, தடுப்பை நிரப்புவதற்காக 38ஆம் நிமிடத்தில் செரிஷெவை எடுத்துவிட்டார்கள். அடுத்து ஸ்பெயினுக்கு எதிராக ஐந்து பேர் தடுப்பு, அவர் பெஞ்சில். 61ஆம் நிமிடத்தில் இறங்கினார். 1–1இல் பெனால்டி ஷூட்-அவுட் போனது. ரஷ்யாவின் நான்காவது பெனால்டியைத் தான் வளர்ந்த நாட்டுக்கு எதிராகவே அடித்து உள்ளே சேர்த்தார். அதன்பின் ரஷ்ய கோல்கீப்பர் அகின்ஃபீவ் ஸ்பெயினின் இயாகோ அஸ்பாஸின் அடியைக் காலால் தடுத்தார்.

ஜூலை 7, சோச்சி, குரோஷியாவுடன் காலிறுதி. 31ஆம் நிமிடத்தில் ஜூபாவோடு பந்தைக் கொடுத்து வாங்கி, பெட்டிக்கு வெளியே இருந்து இடது காலால் ஓர் அடி. பந்து மேல் மூலையில் போய் விழுந்தபோது கோல்கீப்பர் சுபாசிச் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த உலகக் கோப்பையின் மிக அழகான கோல்களில் ஒன்று அது என்று தயக்கமில்லாமல் சொல்வோம். 67ஆம் நிமிடத்தில் அவரை மாற்றிவிட்டார்கள். 2–2இல் முடிந்து பெனால்டியில் ரஷ்யா 3–4 என்று தோற்றது. செரிஷெவின் கணக்கு 4 கோல்; ரொனால்டோ, லுகாகு, கிரீஸ்மன், எம்பாப்பே ஆகியோர் அந்தத் தொடரில் அடித்ததும் அதே 4.

இரண்டாவது கோப்பு

கோல்கள் விழுந்துகொண்டிருக்கும்போதே பழைய பேட்டி ஒன்று கிளறப்பட்டது. 2017இல் ஒரு ரஷ்ய இதழுக்கு அப்பா திமித்ரி அளித்த பேட்டியில், மகனுக்குக் காயத்தின்போது வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடப்பட்டதாக அச்சாகியிருந்தது. வளர்ச்சி ஹார்மோன் தடைசெய்யப்பட்ட பொருள். மருத்துவ விலக்கு அனுமதி இல்லாமல் எடுத்தால் நான்கு ஆண்டு வரை தடை வரும்.

செரிஷெவ் மறுத்தார். அப்பா சொன்னதை நிருபர் தவறாகப் புரிந்துகொண்டார், தனக்குக் கொடுத்தது பிளாஸ்மா சிகிச்சை என்றார். குழப்பம் நேரக்கூடிய இடம்தான் இது. அந்தச் சிகிச்சையில் ஆட்டக்காரரின் சொந்த இரத்தத்தை எடுத்து, சுழற்றிப் பிரித்து, இரத்தத் தட்டணுக்கள் செறிந்த பகுதியைக் காயப்பட்ட தசையில் செலுத்துவார்கள். தட்டணுக்களில் இருந்து வெளிப்படுபவை வளர்ச்சிக் காரணிகள். வளர்ச்சிக் காரணி வேறு, வளர்ச்சி ஹார்மோன் வேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிளாஸ்மா சிகிச்சையைத் தடைப் பட்டியலில் இருந்து 2011இலேயே நீக்கிவிட்டது.

ஸ்பெயின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விசாரித்து, மீறல் எதுவும் இல்லை என்று 2018 செப்டம்பரில் விசாரணையை முடித்தது. இரவல் ஆட்டக்காரருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஊசியும் எந்தத் தேதியில், எந்த மருத்துவர் கையால், எந்தப் பொருள், எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும். கிளப் மாறும்போது அதன் ஒரு பிரதி ஆட்டக்காரரிடமும் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குப் பின் யாராவது கேட்டால் அப்போதைய மருத்துவர் வேறு நாட்டில், வேறு வேலையில் இருப்பார்.

பிறகு

2018 கோடையில் வலென்சியாவுக்கு இரவல். அந்த சீசனின் முடிவில், 2019 மே 25 அன்று, வலென்சியா பார்சிலோனாவை 2–1 என்று வென்று கோபா டெல் ரேயைக் கைப்பற்றியது. காடிஸில் எந்தக் கோப்பை அவர் பெயரால் பறிபோனதோ, அதே கோப்பை. வலென்சியா அவரை நிரந்தரமாக்கி 2022 வரை வைத்துக்கொண்டது. அதன்பின் இத்தாலியில் வெனிசியா, 2024இல் கிரேக்கத்தின் பானியோனியோஸ்.

தள்ளிப்போன யூரோ 2020 தொடரில், 2021 ஜூன் 12 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பெல்ஜியத்துடன் ரஷ்யா ஆடியது. 30ஆம் நிமிடத்தில் குஸ்யாயெவ் காயப்பட்டு வெளியேற, மறுபடி செரிஷெவ் பெஞ்சில் இருந்து எழுந்தார். லுஷ்னிகியில் நடந்தது போலவே ஒரு தொடக்கம். இந்த முறை பந்து அவருக்குச் சரியாக வரவே இல்லை. 63ஆம் நிமிடத்தில் அவரையே மாற்றி மிரன்சுக்கை இறக்கினார்கள். ரஷ்யா 0–3 என்று தோற்றது.